குற்றவாளி கையா, கம்பியா?

மலர்க் குழுவிலிருந்து நண்பர் ஒருவர் வந்து, "இரண்டு பக்கம் காலியா கிடக்கு, ஏதாவது எழுதிக் குடுப்பா" என்றார். கவிதை எழுதலாமா என்று கேட்டேன். "ஐயோ வேண்டாம்! பதினேழு வந்தாச்சு. அதுல பாதி நிலாவைப் பத்தி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆகவே எலெக்ட்ரிக் கிடாரின் கம்பியைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள் நண்பர்களே! இந்தக் கம்பியால் என் அறைத் தோழன் தன் கிடாரையே விற்றுவிட்டான். காரணம் அடியேன்.

அவனுக்கு ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். அப்பா லாரி டிரைவர். லீவில் நாமக்கல்லில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் அடித்துச் சேர்த்த காசில் பழைய எலெக்ட்ரிக் கிடார் ஒன்றை வாங்கினான். கம்பியெல்லாம் துரு. "டவுனுக்குத்தானே போற, ஒரு செட் வாங்கிட்டு வாடா" என்றான். நானும் சேலத்தில் ஒரு கடையில் ஏறி, "அண்ணா, கிடார் கம்பி ஒரு செட் குடுங்க" என்றேன். எந்தக் கிடாருக்கு என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது! பொன் நிறத்தில் பளபளவென்று ஒரு செட் கிடைத்தது. ஹாஸ்டலில் அதைப் பார்த்த எல்லோரும், "கனமான கம்பிடா, சத்தம் அள்ளும்" என்று சர்டிபிகேட் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் படாத பாடுபட்டான். விரல் நுனி கிழிந்தது. சினிமாப் பாட்டில் வரும் வளைவுகளுக்காகக் கம்பியை இழுத்தால் அது அசையவே மறுத்தது. ஆம்ப்ளிஃபயரில் போட்டாலோ கீழ் இரண்டு கம்பிகள் கத்தின, மற்ற நான்கும் ரகசியம் பேசின. ஆண்டு விழா ஒத்திகையில் பாதியிலேயே எழுந்துவிட்டான். "நமக்கு இது வராதுடா. கை அமையல" என்றான். அடுத்த வாரம் கிடார் ஒரு சிவில் ஜூனியரிடம் போய்விட்டது.

ஜூனியர் வாசித்த மூன்றாம் நாளே முதல் கம்பி அறுந்தது. அந்தத் துண்டை நான் மெட்ராலஜி லேபுக்கு எடுத்துப் போய் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். 0.30 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே! அதாவது பட்டறைக் கணக்கில் 12 தவ். எலெக்ட்ரிக் கிடாருக்கென்று பரவலாக விற்கும் மெல்லிய செட்டில் முதல் கம்பி 9 தவ், ஆறாவது 42 தவ். அடுத்தது 10-இல் தொடங்கி 46-இல் முடியும். நான் வாங்கி வந்தது அக்கூஸ்டிக் கிடாரின் செட்.

மூன்று தவ்தானே வித்தியாசம் என்பீர்கள். சோனாமீட்டர் பரிசோதனை நினைவிருக்கிறதா? பிரான்ஸ் நாட்டு மெர்சென் 1636-இலேயே எழுதி வைத்த விதி. நீளமும் சுருதியும் மாறாவிட்டால், இழுவிசை கம்பியின் எடையோடு ஏறும். எடையோ விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். 12-இன் வர்க்கம் 144, 9-இன் வர்க்கம் 81. இருபத்தைந்தரை அங்குல நீளமுள்ள கிடாரில் 9 தவ் கம்பி சுருதிக்கு வர ஏறத்தாழ 6 கிலோ இழுவிசை போதும். 12 தவ்வுக்கு பத்தரை கிலோ வேண்டும். ஆறு கம்பிகளையும் கூட்டினால் ஒன்று 38 கிலோ, மற்றது 70 கிலோவுக்கு மேல். என் நண்பன் இரண்டு மாதம் ஒரு முழு ஆளோடு மல்லுக்கட்டியிருக்கிறான், பாவம்.

கனத்தைவிடப் பெரிய தப்பு உலோகத்தில். எலெக்ட்ரிக் கிடாரில் மரம் சத்தம் போடுவதில்லை. பிக்கப்பில் ஒரு காந்தமும் அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. மேலே காந்தத்தால் ஈர்க்கப்படும் கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்டதுதான், வேறொன்றுமில்லை. நான் வாங்கிய செட்டில் தடித்த நான்கு கம்பிகளின் மேல் சுற்று வெண்கலம். வெண்கலத்தைக் காந்தம் மதிக்குமா? உள்ளே ஓடும் எஃகு மட்டுமே பேசியது. அதனால்தான் ரகசியம்! நைலான் கம்பி என்றால் அந்த ரகசியமும் கிடையாது.

எலெக்ட்ரிக்குக்கு நிக்கல் பூசிய எஃகுச் சுற்றுதான் பொதுவான தேர்வு. தூய நிக்கல் சுற்று கொஞ்சம் மென்மையாக, பழைய காலத்து நாதமாக ஒலிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுற்று கூர்மையாக ஒலிக்கும், வியர்வைக்கும் தாங்கும். நம் சேலம் உருக்காலையின் பெருமையே ஸ்டெயின்லெஸ்தான் என்று அதையே எடுத்துவிடாதீர்கள். அது ஃப்ரெட்டைச் சீக்கிரம் தேய்க்கும். வழக்கமான ஃப்ரெட் 'நிக்கல் சில்வர்'. (செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக்காரர்கள் கோபிக்கக் கூடாது, அதில் வெள்ளி ஒரு பொட்டுகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவே.)

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தொடங்குகிறவர் 9-இல் தொடங்கட்டும். "கனமான கம்பி போட்டால்தான் வித்வான்" என்பது வெறும் வீறாப்பு. ஸ்டீவி ரே வான் முதல் கம்பியாக 13 தவ் போட்டவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் சுருதியை அரைப் படி இறக்கி வைத்துக்கொண்டார் என்பதை நம் ஆட்கள் சொல்வதில்லை. இசட் இசட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7 தவ்விலேயே முழங்குகிறாரே, அதற்கு என்ன சொல்வார்கள்?

அதற்காக மெல்லிய கம்பி எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் வாதாட வரவில்லை. விரலை அழுத்தி வைப்பவருக்கு 9-இல் சுருதி ஏறி விலகும். ஓங்கி அடித்துத் தாளம் போடுபவருக்கு அது தளதளவென்று ஆடும். அவர்கள் 10-க்கு வரட்டும். கிடாரின் நீளம் இருபத்து நாலேமுக்கால் அங்குலம் என்றால் 10 தவ்வும் 7 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் நாம் வாசிக்க ஆசைப்படுவது எதை? கோயில் திருவிழாவில் மெல்லிசைக் குழு வாசிக்கும் பாட்டை. அதில் ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கும். மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸை நினைத்துப் பாருங்கள். மாண்டலினில் வழக்கமாக நான்கு ஜோடிக் கம்பிகள். ஜோடியை ஒரே சீராக அசைத்துக் கமகம் கொண்டுவருவது எத்தனை கஷ்டம்! அவர் எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறி, ஒற்றைக் கம்பிகளாக ஐந்தை வைத்துக்கொண்டார். கர்நாடக இசையே அந்த ஐந்தில் பேசியது. அவர் தன் சங்கீதத்துக்குத் தக்கபடி கம்பியை மாற்றினார். நாமோ பக்கத்து அறைக்காரன் பேச்சுக்குத் தக்கபடி மாற்றுகிறோம்.

ஒரு எச்சரிக்கை, மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது உடனே பிடிபடும். கனமான செட்டை எடுத்துவிட்டு மெல்லியதைப் போட்டால் கழுத்தின் மேலிருந்த பாரம் குறையும், கழுத்து பின்னால் வளையும், கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். ட்ரஸ் ராடை ஆலன் கீயால் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அவசரப்பட்டு முழுச் சுற்று சுற்றாதீர்கள். அப்புறம், பங்குனி சித்திரையில் நம் ஊர் வியர்வை தெரியுமல்லவா? வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. இதற்குக் காசு ஆகாது.

ஜூனியருக்கு 9 தவ் செட் ஒன்றை என் காசில் வாங்கிக் கொடுத்தேன். மாட்டிச் சுருதி கூட்டியதும், மெஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த என் அறைத் தோழனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தோம். "எனக்கெதுக்குடா" என்றுதான் வாங்கினான். மூன்றாவது கம்பியை ஒரு முறை இழுத்தான், நின்றான், மறுபடி இழுத்தான். சாப்பாட்டு மணி அடித்து முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: "இது என் கிடார்தானாடா?"

ஜூனியர் விற்கமாட்டானாம். சனிக்கிழமை ராத்திரி மட்டும் இரவல் தருகிறான். இவன் இந்த லீவிலும் பட்டறைக்குப் போகப் போகிறான்.