சிக்கன் ரைஸும் தியோலி முகாமும்

பொழுது சாய்ந்துவிட்டால் திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கம் பரோட்டாக் கல்லுக்குப் போட்டியாக இன்னொரு சத்தம் கேட்கிறது. தள்ளுவண்டியில் கேஸ் அடுப்பு உறும, இரும்புச் சட்டியில் முட்டையை உடைத்து ஊற்றி, முட்டைக்கோஸும் சோறும் கொட்டி, சோயா சாஸை ஒரு சுற்று விட்டு, மிளகுத்தூள் தூவிக் கரண்டியால் தட்டித் தட்டிக் கிளறுகிறார்கள். 'ஆஃப் சிக்கன் ரைஸ், பார்சல்' என்று கேட்பவருக்கு அது சீனச் சாப்பாடு என்ற நினைப்பே வருவதில்லை. கம்பும் குதிரைவாலியும் விளைந்த வானம் பார்த்த பூமியில் அது உள்ளூர்ச் சாப்பாடாகிவிட்டது.

அதில் தப்பொன்றும் இல்லை. சிக்கன் மஞ்சூரியன்கூட மஞ்சூரியாவைப் பார்த்ததில்லை. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங், 1975இல் மும்பை கிரிக்கெட் கிளப்பில், இஞ்சி பூண்டு பச்சை மிளகாயோடு, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் விட்டு அதை உண்டாக்கினார் என்பார்கள். 'இதெல்லாம் அசல் சீனம் இல்லை' என்று மூக்கைச் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். நம் குறை வேறு. சாப்பாட்டை வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டோம்.

கடலுக்கு அந்தப் பக்கம் கதை வேறு. பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். திருச்சுழியும் 1985 வரை அந்த மாவட்டம்தான். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் நாசி கண்டார் என்ற குழம்புச் சோறு விற்றார்கள். சீனரின் மஞ்சள் நூடுல்ஸை வாங்கி, அரைத்த மிளகாயும் உருளைக்கிழங்கும் டோஃபுவும் சேர்த்துப் புரட்டி மீ கோரெங் ஆக்கினார்கள். அங்கே தைப்பூச வெள்ளித்தேர் வரும் வழியெங்கும் சீனர்கள் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கிறார்கள். சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்களில் பலர் பக்கத்துக் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

அங்கே சண்டையே வந்ததில்லை என்பதல்ல. 1969 மே மாதம் கோலாலம்பூரில் இனக் கலவரத்தில் ரத்தம் சிந்தியது. ஆனாலும் சமைப்பவரும் சாப்பிடுபவரும் இன்னும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். விருந்துக்கு வருபவர் மாட்டிறைச்சி தொடாதவரா, பன்றி தொடாதவரா என்று கேட்டுச் சமைக்கும் பழக்கம் அப்படி வந்ததுதான்.

இங்கே?

1962இல் சீனாவோடு போர் மூண்டதும், அசாமிலும் வங்கத்திலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேரை ரயிலேற்றி ராஜஸ்தானில் உள்ள தியோலி முகாமில் அடைத்தார்கள். குழந்தைகள் உண்டு, கிழவர்கள் உண்டு. விசாரணை மட்டும் கிடையாது. சிலர் வெளியே வருவதற்குள் 1967 ஆகிவிட்டது. திரும்பியபோது பலருக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை. பலர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். கொல்கத்தாவின் தாங்ராவில் மிஞ்சியிருப்பவர்கள் சொற்பம். அவர்கள் அங்குள்ள காளி கோயிலில் நூடுல்ஸைப் பிரசாதமாகப் படைக்கிறார்கள்.

தியோலியில் இருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்திய அரசு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். நியாயமான கோரிக்கை. டெல்லி அசையும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. 1962 போரைச் சொல்லித்தரும் பள்ளிப் பாடத்தில் தியோலிக்கு ஒரு பத்தி ஒதுக்கப் பாடநூல் குழு ஒரு முறை கூடினால் போதும்.