எல்லைப் பிரிவினை ஐக்கியமாகுமா?

துறைமுகத்தை அண்டி வளரும் நகரத்திற்குச் சுற்றுப்புறத்து ஜனங்கள் பிழைப்பைத் தேடி வருவது இயற்கை. வருகிறவர்கள் மூட்டை முடிச்சுகளோடு தங்கள் கோயிலையும் ஜாதியையும் கட்சியையும் கூடவே கொண்டுவருவதும் இயற்கையே. தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமாயிற்று, 1986-இல் ஜில்லாவின் தலைநகராயிற்று, 2008-இல் மாநகராட்சியாயிற்று. நாசரேத்திலிருந்தும் சாயர்புரத்திலிருந்தும் முதலூரிலிருந்தும் மெய்ஞ்ஞானபுரத்திலிருந்தும் வந்த புராட்டஸ்டாண்டுக் குடும்பங்களும், மணப்பாடு, புன்னைக்காயல் முதலிய கரையூர்களிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்களும் இன்று நகரத்தின் புதிய தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கின்றன. இப்படிப்பட்ட தெருக்களில் புதிய சபையை யார் தொடங்குவது? ஒவ்வொரு பிரிவும் தனக்கென ஒரு கூரை போட்டுக்கொள்வதா, அல்லது எல்லாரும் கூடி ஒன்றை எழுப்புவதா? இந்தக் கேள்வி கிறிஸ்தவர்களை மட்டும் பொறுத்ததன்று. ஒரு பெரிய சமூகம் நகர வாழ்வில் தன்னை எவ்வாறு அமைத்துக்கொள்கிறது என்பது ஊர் முழுவதன் அமைதியையும் தொடுகிற விஷயம். ஆகவே அதைப்பற்றி நம் அபிப்பிராயத்தைச் சொல்வது அவசியமென்று கருதுகிறோம்.

சபைகள் "ஒத்துழைப்பது" என்ற பேச்சு புதிதன்று. ஆனால் அந்தச் சொல்லுக்கு இந்தக் கரையில் இரண்டு வேறு அர்த்தங்கள் இருந்து வந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவது வீண் பேச்சாகும்.

முதலாவது அர்த்தம், எல்லையைப் பிரித்துக்கொள்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார் சங்கங்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்க, இந்தத் தாலுகா உனக்கு, அந்தத் தாலுகா எனக்கு என்று ஏற்பாடு செய்துகொண்டன. திருநெல்வேலிச் சீமையில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். இங்கு உழைத்த சி. எம். எஸ்., எஸ். பி. ஜி. என்ற இரு சங்கங்களும் ஒரே இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவை. ஜெப புத்தகமும் ஒன்றே. ஆயினும் மெய்ஞ்ஞானபுரம் ஒருவர் எல்லை, நாசரேத் மற்றவர் எல்லை. 1877-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கல்கத்தாவில் ஒரே நாளில் இருவர் உதவி அத்தியட்சர்களாக அபிஷேகம் செய்யப்பட்டனர். கால்டுவெல் எஸ். பி. ஜி. சபைகளுக்கு, சார்ஜென்ட் சி. எம். எஸ். சபைகளுக்கு. ஒரு ஜில்லா, ஒரு திருச்சபை, இரண்டு அத்தியட்சர்! திருநெல்வேலிக்கென்று தனி அத்தியட்சாதீனம் 1896-இல்தான் ஏற்பட்டது.

கத்தோலிக்கர் நிலையும் இதைவிட மேலானதாக இல்லை. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். சவேரியார் 1542-இல் இக்கரைக்கு வந்தார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு, போர்த்துகல் அரசரின் ஆதரவுரிமையின்கீழ் இருந்த குருமார் ஒரு பக்கமும், ரோமாபுரி நேராக அனுப்பிய குருமார் மறுபக்கமுமாக நின்று, ஒரே விசுவாசத்தையுடைய ஜனங்களை இரண்டு அதிகாரங்களுக்குள் இழுத்தார்கள். 1886-ஆம் வருஷத்து உடன்படிக்கை அந்த இரட்டை அதிகாரத்தை நிலைக்கவிட்டது; 1928-ஆம் வருஷத்து உடன்படிக்கைதான் அதற்கு முடிவு தேடிற்று. இதற்கிடையில் 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் ஏற்பட்டு, திபூர்சியுஸ் ரோச் என்ற இந்தியரே அதற்கு ஆயரானார் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

எல்லைப் பிரிவினையால் சண்டை குறைந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இதன் பெயர் தெரியும்: பாகப்பிரிவினை. சகோதரர்கள் பங்குப் பத்திரம் எழுதிக்கொண்டால் அடிதடி ஓயும், குடும்பம் ஒன்றாகிவிடாது. மேலும், இந்தப் பாகப்பிரிவினையில் பங்குதாரர்கள் வெளிநாட்டுச் சங்கங்கள். பங்கு போடப்பட்டவர்களோ நம் ஜனங்கள். ஒரு குடியானவன் எந்தச் சபையைச் சேர்ந்தவன் என்பதை அவனுடைய மனச்சாட்சி தீர்மானிக்கவில்லை. லண்டனிலிருந்த கமிட்டிகளுக்காக இங்கு கிழிக்கப்பட்ட கோடு தீர்மானித்தது.

இந்த நிலையை நம்மவர் வாய்மூடி ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணலாகாது. 1857-லேயே நாசரேத்துக்கு அருகிலுள்ள பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை பாதிரிமார் ஆதிக்கத்தை உதறி, இந்து கிறிஸ்தவ சபை ஒன்றை ஸ்தாபித்தார். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றி, திருநெல்வேலித் தமிழரின் காணிக்கையைக் கொண்டு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பிற்று. 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் ஏற்பட்டது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. மறு வருஷம் இதே தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தினார். சொந்தக் கால், சொந்தக் காசு, சொந்தப் பொறுப்பு என்ற ஒரே உணர்ச்சி கடலிலும் கோயிலிலும் ஏககாலத்தில் எழுந்தது என்பதே நம் எண்ணம்.

இரண்டாவது அர்த்தம் இங்கேதான் பிறக்கிறது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, மேற்சொன்ன இரு சங்கங்களையும் உருவாக்கியவர்களில் ஒருவர். 1912-இல் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானவர். 1919-ஆம் ஆண்டு மே மாதம் முதல் இரு நாட்களில், அமிர்தசரஸ் படுகொலை நடந்து மூன்று வாரம்கூட ஆகாத வேளையில், தரங்கம்பாடியில் அவரும் வேறு சபைகளின் ஊழியருமாக 33 பேர் கூடினார்கள். ஓரிருவர் தவிர எல்லாரும் இந்தியர். தங்களைப் பிரித்துவைத்திருக்கும் பிரிவினைகளைத் தாங்கள் உண்டாக்கவில்லையென்றும், அவை வெளியிலிருந்து தங்கள்மேல் சுமத்தப்பட்டவையென்றும், அவற்றை நீடிக்கவிடத் தங்களுக்கு விருப்பமில்லையென்றும் அவர்கள் அறிக்கை செய்தார்கள்.

அந்த அறிக்கை காரியமாவதற்கு இருபத்தெட்டு வருஷங்கள் பிடித்தன. அசரியா 1945-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி காலமானார். பலனைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி, தேசம் சுதந்திரம் பெற்ற நாற்பத்து மூன்றாம் நாள், சென்னை ஜார்ஜ் தேவாலயத்தில் ஆங்கிலிகன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாயின. அத்தியட்சர் உள்ள சபையும் இல்லாத சபையும் உலகில் முதன்முதலாக ஒன்றானது இங்கேதான். அதற்கு விலை கொடுக்கவேண்டியிருந்தது. பழைய குருமாரை மறுபடி அபிஷேகம் செய்யாமல் ஏற்றுக்கொண்டதை இங்கிலாந்தில் பலர் ஒப்பவில்லை. எஸ். பி. ஜி. தன் பொது நிதியிலிருந்து உதவியை நிறுத்திற்று. நந்தியாலில் ஒரு பகுதியார் சேர மறுத்தனர். தரங்கம்பாடியைப் பிறப்பிடமாகக் கொண்ட தமிழ் லுத்தரன் சபையே வெளியில் நின்றுகொண்டது. ஆயினும் இணைந்தவர்கள் பழைய பெயரையும் பழைய பெருமையையும் விட்டுக்கொடுத்தே இணைந்தார்கள். எல்லையைப் பிரித்துக்கொள்வதில் எவரும் எதையும் இழப்பதில்லை; ஒன்றாவதில் ஒவ்வொருவரும் எதையேனும் இழந்தாகவேண்டும். இரண்டு ஒத்துழைப்புகளுக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

இனி நகரத்துக்கு வருவோம். கிராமத்தில் எல்லைக்கோடு போடலாம், நகரத்தில் முடியாது. ஒரே தெருவில் ஆறு சபையினர் வசிக்கிறார்கள். எனவே நகரத்தில் சபைகளுக்கு முன்னால் இருப்பவை போட்டியிடுதல், கூடிச் செய்தல் என்ற இரண்டு வழிகளே. கூடிச் செய்யமுடியாது என்று சொல்வதற்கில்லை. 1915-இல் சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியைப் பல சங்கங்கள் கூடியே தொடங்கின. வேலூர் வைத்தியக் கல்லூரியைப் பல சபைகள் கூடியே தாங்குகின்றன. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபையும் ஒத்துழைக்க, 1969-இல் மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரி ஏற்பட்டது. 1995-இல் வெளிவந்த திருவிவிலிய மொழிபெயர்ப்பில் கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து உழைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் வேத புத்தகத்துக்கும் கூடமுடிந்தவர்கள் ஒரு புதிய நகரில் ஒரு சிறு சபைக்குக் கூடமுடியாதா?

தடை எங்கே என்பதை மறைக்காமல் பேசுவோம். முதலாவது தடை சொத்து. புதிய ஆலயத்தின் மனை யார் பெயரில் பதிவாகும்? காணிக்கை எந்தக் கணக்கில் ஏறும்? சபைத் தேர்தல்களும் சொத்துக்களும் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காகப் போனதை நாடறியும். கூடித் தொடங்கும் சபை அந்த நோயோடு பிறக்கலாகாது. மனையும் கணக்கும் அந்தத் தெருச் சபையாரின் பொறுப்பிலேயே இருக்கவேண்டும்; வரவு செலவை ஆண்டுதோறும் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டவேண்டும். வெளியார் பணம் வந்தால்தான் விளக்கெரியும் என்றால் அந்த விளக்கு எரியாமலிருப்பதே மேல். கைப்பிடி அரிசி எடுத்துவைத்துக் காணிக்கை சேர்க்கத் தெரிந்த ஜனங்களுக்கு இது புதுப் பாடமன்று.

இரண்டாவது தடை ஜாதி. சபைப் பிரிவுகளில் பல வெளிநாட்டுச் சரக்கு. இதுவோ முழுச் சுதேசிச் சரக்கு. ஆகையால் இதற்கு அயலார்மேல் பழிபோட வழியில்லை. வடக்கன்குளத்தில் 1872-இல் இரு ஜாதியாரையும் பிரித்து உட்கார்த்தவே இரட்டைக் கூடமாக ஆலயம் எழுப்பப்பட்டது. நடுவிலிருந்த சுவரை 1910-இல் இடிக்கவேண்டியிருந்தது. கல்சுவரை இடிப்பது எளிது. பழைய ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் கமிட்டி மேஜையிலும் கல்யாணப் பேச்சிலும் நிற்கும் சுவர் புது நகருக்குள் வராமல் தடுப்பதே கஷ்டம். திருநெல்வேலிச் சபைகளில் அசனப் பண்டிகை நடக்கிறது. ஊரே ஒரு பந்தியில் உண்கிறது. அந்தப் பந்தியில் காணும் சமத்துவம் நிர்வாகக் குழுவிலும் காணப்படவேண்டும். ஒரே ஊரார், ஒரே ஜாதியார் மட்டும் கூடி நடத்தும் சபைக்கு எத்தனை பிரிவுகளின் கையெழுத்து இருந்தாலும் அது ஐக்கிய சபையாகாது.

மூன்றாவது தடை ஆள்பிடித்தல். புதிய சபை வளர்ந்தது என்கிறார்கள். விசாரித்தால் அடுத்த தெருச் சபை மெலிந்திருக்கிறது. இது வளர்ச்சியன்று, பற்று வரவு மாற்றம். கூடி உழைக்க முன்வரும் சபைகள், ஒன்றின் அங்கத்தினரை மற்றொன்று இழுப்பதில்லை என்ற ஒழுங்கை முதலில் ஏற்கவேண்டும். பெந்தெகொஸ்தே சபைகளையும் இந்தப் பேச்சுவார்த்தையில் சேர்க்கவேண்டும். நகரத்தில் வேகமாகப் பரவுகிறவர்களை வெளியே நிறுத்திவிட்டு ஐக்கியம் பேசுவதில் அர்த்தமில்லை. கத்தோலிக்கரும் மற்றவரும் ஒரே திருவிருந்தில் பங்குபெறச் சபைச் சட்டம் இன்று இடந்தராது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் கல்லறைத் தோட்டத்துக்கும், பள்ளிக்கூடத்துக்கும், புயல் வெள்ளக் காலத்து உதவிக்கும் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

சபைக்கு வெளியிலிருக்கும் அண்டை வீட்டாரைப்பற்றியும் ஒரு வார்த்தை. புதிய ஆலயம் என்றவுடனே மதமாற்றம் என்ற சந்தேகம் எழுகிறது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004-இல் அது ரத்தாயிற்று. அரசியல் சாசனத்தின் 25-ஆவது ஷரத்து மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதத்தைப் பிரசாரம் செய்யும் உரிமையையும் எல்லாருக்கும் தருகிறது. அந்த உரிமையைக் குறைக்க நாம் ஒருகாலும் சம்மதியோம். எனினும் உரிமை ஒன்று, நன்மதிப்பு வேறொன்று. ஒரே தெருவில் ஆறு ஒலிபெருக்கிகள் போட்டியிட்டு முழங்கும்போது அண்டை வீட்டார் கேட்பது சுவிசேஷத்தையல்ல, சச்சரவையே. ஆகஸ்டு 5-ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவில் கூடும் திரளில் எல்லா மதத்தாரும் உண்டு. அந்த நல்லெண்ணம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த முதல். புதிய சபைகள் அதைப் பெருக்கவேண்டுமேயன்றிச் செலவழித்துவிடக்கூடாது.

தென்னிந்தியத் திருச்சபையில் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் 2003 முதல் தனித்து இயங்குகிறது. கத்தோலிக்க மறைமாவட்டம் நூறாண்டைக் கடந்துவிட்டது. தலைவர்கள் நம்மவர், பணமும் பெரும்பாலும் நம்முடையது. 1919-இல் தரங்கம்பாடியில் கூடியவர்கள், வேலியைப் போட்டவர்கள் அயலார் என்று நியாயமாகவே சொல்ல முடிந்தது. இன்று தூத்துக்குடியின் புதிய தெரு ஒன்றில் புதிய வேலி எழுமானால், அதைப் போட்டவர் யார் என்று கேட்கும்போது காட்டுவதற்கு அயலார் எவரும் இல்லை. ஒரு நகர், ஒரு மனை, ஒரு கணக்கு, ஒரு பந்தி என்று ஓரிடத்திலேனும் செய்துகாட்டச் சபைத் தலைவர்கள் முன்வரவேண்டும். சபைத் தலைவர்கள் தயங்கினால், அந்தத் தெருவில் வசிக்கும் வாலிபர்கள் காத்திராமல் தொடங்கவேண்டுமென்பதே நமது கோரிக்கை.