மாதிரி டிராம் வண்டியும் மணியோசையும்

மாதிரி டிராம் வண்டி சிறுவர் விளையாட்டென்று இகழ்வாருளர். பௌதிக சாஸ்திரம் பயிலும் நம் மாணாக்கர் அவ்விதம் எண்ணார் என்று நம்புகிறேன்.

இவ்வண்டிகளுள் இக்காலத்தில் 'டீகோடர்' என்னும் சிறு மின்தகடொன்று பொருத்தப்படுகின்றது. ஜெர்மனியில் லென்ஸ் கம்பெனியார் கண்ட முறையைத் தழுவி, அமெரிக்க தேசீய மாதிரி ரயில்வே சங்கத்தார் 1990-ஆம் வருஷங்களில் இதற்கு விதி வகுத்தனர். தண்டவாளத்தில் மின்சாரமும் கட்டளையும் ஒருங்கே செல்லும். தன் இலக்கத்துக்குரிய கட்டளையை மாத்திரம் டீகோடர் ஏற்று, மோட்டாரையும் விளக்கையும் மணியையும் இயக்கும்.

வாங்குவோரோ மணி எத்தனை, விளக்கு எத்தனை என்றே எண்ணுகின்றனர். இது தலைகீழான வழக்கம் என்பது என் துணிபு. அமெரிக்காவில் மோட்டார் கார்களுக்கும் பஸ்களுக்கும் பிரயாணிகளை இழந்து வந்த டிராம் கம்பெனிகளின் தலைவர்கள் ஒன்றுகூடி வகுத்ததே 'பி.சி.சி.' வண்டி. அது 1936-இல் புரூக்ளின் நகரில் ஓடத் தொடங்கிற்று. குலுக்கலின்றிப் புறப்பட்டு விரைவாக வேகங்கொள்வதே அதன் தலையாய சிறப்பு. நாற்பத்தாறு அடி நீளமுள்ள அவ்வண்டியை 87-இல் ஒரு பங்காக்கி, ஆறு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அளவில் அழகுறச் செய்துவிட்டு, அது தவளைபோல் துள்ளிப் புறப்படுமாயின், மணி எவ்வளவு இனிமையாய் ஒலித்தென்ன? அது பி.சி.சி. வண்டியாகாது, அதன் சட்டை மாத்திரமே.

இக்குறைக்குப் பரிகாரம் டீகோடரிலேயே உண்டு. சுழலும் மோட்டார் தானே ஒரு சிறு டைனமோவுமாகும். நல்ல டீகோடர் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கணப்பொழுது நிறுத்தி நிறுத்தி, அது பிறப்பிக்கும் எதிர்மின்னழுத்தத்தை அளந்து, வேகம் தளர்ந்தால் மின்சாரத்தைக் கூட்டியும் மிகுந்தால் குறைத்தும் கொடுக்கும். மேட்டிலும் வளைவிலும் வண்டி ஒரே நிதானமாய் ஊர்வது இதனாலேயே. அதன் நினைவிலுள்ள அமைப்புகளுள் 3-ஆம் எண் வேகமேறும் அளவையும், 4-ஆம் எண் வேகந்தணியும் அளவையும் குறிப்பன. இவ்விரண்டையும் பொறுமையோடு திருத்துவோர் மிகச் சிலரே.

ஆனால் பற்சக்கரம் சிக்குமாயின் எந்த டீகோடரும் உதவாது. அழுக்கேறிய தண்டவாளமும் அப்படியே. நீண்ட ரயில் எஞ்சினுக்குச் சக்கரங்கள் பல. நான்கே சக்கரமுள்ள பழைய டிராமுக்கோ ஒரு தூசியே போதும், நின்றுவிடும். சிறிது மின்சாரத்தைச் சேமித்து அத்தருணத்தில் உதவும் கண்டென்ஸரை டீகோடருடன் இணைப்பது நன்று.

மணியோசை கேட்டுக் குழந்தைகள் மகிழ்கின்றனரே என்பர். மகிழட்டும்; யான் மணிக்குப் பகைவனல்லன். கையிலுள்ள பணம் ஒன்றுக்கே போதுமெனில், ஓசையில்லாத நல்ல டீகோடரும் கண்டென்ஸரும் வாங்குக. மணி அடுத்த வருஷம் வரலாம்.