பள்ளிப் பெயரிலுள்ள 'தோட்டம்' நமக்கு இழிவா?



அண்மைக் காலமாக ஒரு கோரிக்கை அடிக்கடி என் காதில் விழுகிறது. "நாம் இப்போது நகரத்தில் வாழ்கிறோம். சுற்றிலும் அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. பள்ளியின் பெயரில் மட்டும் இன்னும் ஏன் 'லாடாங்', 'தோட்டம்' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது? அதை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு மதிப்பாக இருக்குமே!" பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் இப்பேச்சு எழுகிறது; ஆசிரியர் அறையிலும் எழுகிறது. பிள்ளைகள் மீதுள்ள அக்கறையே இதற்குக் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இக்கோரிக்கையை வன்மையாக எதிர்க்கிறேன். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில், நாம் 'நகரம்' என்று பெருமையோடு சொல்லும் இடம் எது? பெட்டாலிங் ஜெயாவையே எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் மக்கள் நெருக்கம் மிகுந்தபோது, 1952-இல் ஒரு புதுநகர் அமைக்க முடிவாயிற்று. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஏறத்தாழ 1,200 ஏக்கர் பரப்புள்ள எபிங்காம் இரப்பர்த் தோட்டம். 2006-இல் மாநகர் என்னும் தகுதியைப் பெற்ற பெட்டாலிங் ஜெயாவின் அடிமண் அதுதான். பின்னர் 1990களில் வளர்ந்த பண்டார் உத்தாமாவும் எபிங்காம் தோட்டத்து நிலமே. சுபாங் ஜெயா சீபீல்டு தோட்டத்தில் எழுந்தது. 1998-இல் காமன்வெல்த் விளையாட்டுகள் நடைபெற்ற புக்கிட் ஜாலில் அரங்கமும் தோட்ட நிலத்தில்தான் நிற்கிறது.

ஆக, தோட்டத்தை விட்டு நாம் நகரத்துக்கு வந்தோம் என்பது பாதி உண்மையே. பல இடங்களில் தோட்டத்தின் மீது நகரம் வந்து அமர்ந்தது.

அமர்ந்த நகரம் என்ன செய்தது? பெட்டாலிங் ஜெயாவின் சாலைகளுக்கு எண்களைச் சூட்டியது. ஜாலான் 14/20 என்றால் 14-ஆம் பிரிவின் 20-ஆம் சாலை. எஸ்.எஸ்.2 என்பதிலுள்ள எஸ்.எஸ். என்னும் எழுத்துகள் சுங்கைவே, சுபாங் ஆகியவற்றின் சுருக்கம். இந்த எண்களில் எங்கேனும் பால்மரம் வெட்டியவரின் சுவடு தெரிகிறதா? எந்தச் சாலை லயம் இருந்த வரிசை, எது பெரட்டுக் களம், எது பால் கொட்டகை என்று எந்தப் பலகையாவது சொல்கிறதா? எபிங்காம் தோட்டத் தமிழ்ப்பள்ளி பண்டார் உத்தாமாவில் அப்பெயரோடு நிற்பதால்தான், 'இது ஒரு காலத்தில் தோட்டம்' என்று அவ்வழியே போகிறவர் அறிய முடிகிறது.

நிலக்கிழாரின் நிலம் நகரமாவது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. இலண்டனில் செல்வர்கள் வாழும் மேபேர், பெல்கிரேவியா ஆகிய பகுதிகள், முன்னர் ஈபரி என்னும் நிலக்கிழார் பண்ணையைச் சேர்ந்த வயல்களாகவும் மேய்ச்சல் நிலமாகவும் இருந்தவை. 1677-இல் நடந்த ஒரு திருமணத்தின் வழி அந்நிலம் குரோவ்னர் குடும்பத்தின் கைக்கு வந்தது. பிறகு அங்கே மாளிகைகள் எழுந்தன. அக்குடும்பத்துக்குச் செசயர் மாவட்டத்தில் சொந்தமாயிருந்த பெல்கிரேவ் என்னும் சிற்றூரின் பெயரே பெல்கிரேவியா ஆயிற்று. சிற்றூரின் பெயர் தங்கள் முகவரியில் இருக்கிறதே என்று அங்குள்ள எவரும் வெட்கப்படுவதில்லை!

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் பங்சாரைப் பாருங்கள். அப்பெயர் எங்கிருந்து வந்தது? அங்கிருந்த இரப்பர்த் தோட்டத்தின் முதலாளிகளான புங்கே, கிரிசார் என்னும் இருவரின் பெயர்களும் சேர்ந்து மருவிப் 'பங்சார்' ஆயின. இன்று அது மேட்டுக்குடி முகவரி. ஆக, முதலாளியின் பெயர் ஒட்டியிருந்தால் பெருமை. தொழிலாளியின் வாழ்விடத்தைச் சுட்டும் 'தோட்டம்' ஒட்டியிருந்தால் இழிவு. இந்த அளவுகோலை நம் கையில் கொடுத்தவர் யார்? அதை நாமே நம் பிள்ளைகளின் கையிலும் கொடுக்கலாமா?

"தோட்டம் என்றால் வறுமை, கள்ளுக்கடை, படிப்பின்மை, அதைத்தானே நினைவூட்டுகிறது?" என்பார்கள். நினைவூட்டட்டும்! அந்த வறுமையை உண்டாக்கியவர்கள் நம் பாட்டன் பாட்டியரா? லயத்து வீடு தோட்ட நிருவாகத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போகும். தோட்டம் விற்கப்பட்டபோது நிலத்தின் விலை ஏறியது. அந்த நிலத்தைத் திருத்தியவருக்கு அதில் ஓரடியும் இல்லை. 1980-ஆம் ஆண்டின் பணிநீக்க நன்மைகள் விதிப்படி, ஐந்தாண்டுகளும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் ஊதியம். முப்பது ஆண்டுகள் மங்கில் பால் எடுத்தவருக்கு 600 நாள் ஊதியம் என்று கணக்கு முடிந்துவிடும். வீட்டுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. வெட்கம் இதில் இருக்கிறது என்றால், அது யாருக்குரியது?

பள்ளியின் கதையையும் பாருங்கள். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. கொட்டகையிலும் கங்காணியின் மேற்பார்வையிலும் தொடங்கிய அப்பள்ளிகள்தாம் நம் மொழியைக் காத்தன. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது பல பள்ளிகளும் உடன் மறைந்தன. நகரத்தின் நடுவே தப்பி நிற்கும் ஒவ்வொரு தோட்டப் பள்ளியும், இம்மண்ணில் நாம் வாழ்ந்தோம் என்பதற்கான சான்று. வீட்டுப் பட்டா கிடைக்காத சமூகத்துக்குக் கிடைத்த ஒரே பட்டா அப்பெயர்ப்பலகை என்று நான் கருதுகிறேன். அதை நாமே கிழிப்பதா?

"எபிங்காம் வெள்ளைக்காரன் வைத்த பெயர்தானே?" என்றும் சிலர் கேட்பர். உண்மை, எபிங்காம் இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். ஆனால் இக்கோரிக்கையாளர்கள் நீக்க விரும்புவது அந்த ஆங்கிலப் பெயரையன்று, 'தோட்டம்' என்பதையே! வெள்ளைக்காரன் பெயர் இருக்கலாம்; நம்முடையது மட்டும் போகவேண்டுமாம். இது என்ன நீதி?

பெயரைக் காத்தால் மட்டும் போதாது என்பதையும் அறிவேன். பொருள் தெரியாத பெயர் பிள்ளைக்குச் சுமையே. 2014 முதல் நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு கட்டாயப் பாடமாக உள்ளது. அதனோடு சேர்த்து ஒரு பணியை நாம் செய்யலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் தாத்தா பாட்டியிடமோ அண்டை வீட்டு முதியவரிடமோ கேட்டு ஒரு பக்கம் எழுதி வரட்டும்: பெரட்டு எத்தனை மணிக்கு? ஆயாக் கொட்டகை எங்கிருந்தது? காண்டாவில் எவ்வளவு பால் சுமந்தீர்கள்? தோட்டம் விற்கப்பட்ட நாளில் எங்கே போனீர்கள்? அப்பக்கங்களைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். பழைய படங்களைப் பள்ளி நுழைவாயிலில் மாட்டுங்கள். அம்முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். இப்பணி அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்காது.

பெற்றோர்களே, "உன் பள்ளி ஏன் தோட்டப் பள்ளி?" என்று எவரேனும் உங்கள் பிள்ளையைக் கேட்டால், "நீங்கள் நிற்கும் இந்த நகரமே என் பாட்டன் திருத்திய தோட்டம்" என்று தலை நிமிர்ந்து சொல்லும் பிள்ளையை வளர்ப்போம். பெயர் மாற்றக் கோரும் தீர்மானம் உங்கள் கூட்டத்துக்கு வந்தால், எழுந்து நின்று மறுத்துப் பேசுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்!