பழைய கார்: யானை கட்டித் தீனி போடுவதா?

“ஏம்ப்பா, இந்த ஓட்டை வண்டிய இன்னுமா வெச்சிருக்கீங்க? காயலான் கடையில போட்டா நாலு காசாவது தேறும்!”

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறவர்களில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி இது. மீதிப் பேர், “குடுக்கறதா இருந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க சார்” என்று தாத்தாவிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டு கட்சியும் பேசுவது ஒரே வண்டியைப் பற்றித்தான். அது 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த தாத்தா, செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

நண்பர்களே! பழைய காரை வைத்துக் காப்பாற்றுவது கட்டுப்படியாகுமா? மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கிற நாம்தான் இதை யோசிக்க வேண்டும். ஏனென்றால் நம்மில் பலருக்கு ஒரு பழைய வண்டி மேல் கண் இருக்கிறது. சிலருக்கு யெஸ்டி, சிலருக்கு ஆர்.எக்ஸ். 100. எனக்கு ஹெரால்டு.

முதலில் வண்டியின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் கார். உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அதே சேஸிஸைச் சற்றுக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆக, எங்கள் வீட்டு வண்டி ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன் முறை! 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இதை நம் சென்னையிலேயே செய்து விற்றது. என்ஜின் 948 சி.சி. பிறகு எழுபதுகளில் கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று வந்து, எண்பதுகள் முடிவதற்குள் அந்தக் கம்பெனியின் கார் உற்பத்தியே நின்றுபோனது. அதனால் இன்றைக்கு ஒரு சாமான் வேண்டும் என்றால் ஷோரூம் கிடையாது. தேடணும், இல்லையென்றால் லேத்தில் கடைந்துகொள்ளணும்.

இனி செலவுக்கு வருவோம். போன வருஷம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கிளட்ச் வேலை 4,500. பிரேக் வீல் சிலிண்டர் கிட் 2,800. பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் 1,600. பேட்டரி 4,200. இன்ஷூரன்ஸ் 2,100. மொத்தம் 15,200 ரூபாய். வருஷம் முழுக்க ஓடியது 310 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 49 ரூபாய், பெட்ரோல் தனி! ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் சில்லறைக் காசு. ஹெரால்டில் 245 ரூபாய். கோயில் யானைக்காவது ஊரே வாழைப்பழம் கொடுக்கும். எங்கள் வீட்டு யானைக்குத் தாத்தாவின் பென்ஷன் ஒன்றுதான் தீனி.

காலமும் இந்த வண்டிக்கு எதிராகத்தான் போகிறது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த என்ஜின் இது. அந்த ஈயம்தான் வால்வு சீட் தேயாமல் காத்தது. 2000-க்குப் பிறகு நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். இப்போது 20 சதவீதம் எத்தனால் சேர்கிறது. பழைய ரப்பர் ஹோஸும் டயாஃப்ரமும் அதைத் தாங்காமல் உப்பிப் போகின்றன. நோட்டில் உள்ள 1,600 ரூபாய் அப்படி வந்ததுதான். பதினைந்து வருஷம் தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்கணும். 2022 வரை காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய கார் என்றால் 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். 50 வருஷம் தாண்டிய வண்டியை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-ல் ஒரு விதி வந்தது. அதற்குக் கட்டணம் 20,000. ஆனால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் ஓட்டலாம். காய்கறி வாங்கக் காந்தி மார்க்கெட் போகக்கூடாது!

அப்படியானால் எடைக்குப் போட்டுவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். வரவுப் பக்கமும் ஒன்று உண்டு.

ஹெரால்டின் பானட், மட்கார்டோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து என்ஜினில் வேலை பார்க்கலாம். சேஸிஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் பாகம் பாகமாக வந்துவிடும். நம் லேபில் வைத்திருக்கும் கட்-செக்‌ஷன் மாடல் உயிரோடு நிற்பது மாதிரி! ஸ்விங் ஆக்ஸில் என்று புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாத்தா ஜாக்கி போட்டுத் தூக்கி, பின் சக்கரம் இரண்டும் தொங்கும்போது உள்பக்கமாகச் சாய்வதைக் காட்டினார். “பாத்தியா? அதனாலதான்டா வேகமா வளைக்காதேன்னு சொல்றேன்” என்றார். அந்தப் பாடம் இன்றுவரை மறக்கவில்லை.

பழைய எந்திரம் பிழைப்பது கைகளால்தான் என்பதற்குப் பொன்மலையே சாட்சி. ஊட்டி மலை ரயிலுக்கான நீராவி என்ஜினை, நிலக்கரியில் ஓடும் அதே பழைய வகையில், 2021-ல் அங்கே புதிதாகவே கட்டி முடித்தார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் இல்லாமல் போயிருந்தால் அந்த ரயில் மியூசியத்தில்தான் நின்றிருக்கும். ஆனால் ஒன்று. அங்கே செலவை அரசாங்கம் ஏற்கிறது. நம் வீட்டில்?

இங்கேதான் என் சொந்தக் கதை வருகிறது. போன வருஷக் கடைசியில் எஃப்.சி. முடிந்தது. தங்கச்சி பிளஸ் டூ எழுதப் போகிறாள். அடுத்து காலேஜ் சேர்க்கணும். எனக்கு செமஸ்டர் ஃபீஸ். அப்பா மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர். சித்தப்பா, “வித்துடலாம்பா” என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். தாத்தா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, “வண்டில கை வெக்கிறவன் இப்போ நீதான். நீயே சொல்லுடா. எடைக்குப் போடணும்னாலும் சரி” என்றார். குரல் மட்டும் சரியில்லை.

நோட்டை எடுத்து வந்து எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். “எஃப்.சி. இப்போ வேண்டாம் தாத்தா. தங்கச்சி ஃபீஸ் மொதல்ல. வண்டி ரோட்டுக்குப் போகாது. ஆனா விக்கவும் வேண்டாம். நான் வேலைக்குப் போய் மொத சம்பளம் வாங்கினதும் எஃப்.சி. பணம் நான் கட்டறேன்” என்றேன். சித்தப்பா சிரித்தார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் பேட்டரி வயரைக் கழற்றி வைத்தார்.

இன்று ஹெரால்டு செங்கல் மேல் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேட்டரியை மாட்டிக் கால் மணி நேரம் என்ஜினை ஓட விடுகிறோம். தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது. ஸ்பேனர் என் கையில், கண் அவருடையது. என்றைக்கு ரோட்டுக்கு வரும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து வேலை கிடைக்காமல் நானே விற்கச் சொல்லலாம். அதையும் தாத்தாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே நண்பர்களே, என் கருத்து இதுதான். ஊர் பார்க்க நிறுத்தி வைப்பதற்காக என்றால் பழைய கார் தண்டச் செலவு. தார்ப்பாய் போட்டு மூடி, ‘அப்பா ஞாபகம்’ என்று துருப்பிடிக்க விடுவதும் அப்படித்தான். மூன்று விஷயம் சரியாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கடன் வாங்கிச் செய்யாதீர்கள். இரண்டு, பாதி வேலையாவது உங்கள் கையால் நடக்கட்டும். மூன்று, இன்னொருத்தர் சாப்பாட்டையோ படிப்பையோ பிடுங்கி அதற்குப் போடாதீர்கள். ஏர்பேக்கும் கிடையாது, டிஸ்க் பிரேக்கும் கிடையாது என்பதையும் மறக்காமல், குடும்பத்தோடு பைபாஸில் பறக்காமல் ஊருக்குள் நிதானமாக ஓட்டுங்கள்.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் கிலோமீட்டருக்கு 49 ரூபாய் என்பது டியூஷன் ஃபீஸ் மாதிரி. சொல்லித்தர தாத்தா இருக்கும்போதே கட்டிவிட வேண்டிய ஃபீஸ் அது.