ஐந்தரை ரூபாய்க்கு வந்த கூட்டம்

பூதலூரில் எனக்குப் பழக்கமான மெடிக்கல்காரர் ஒருவர் இருக்கிறார். அட்டைகளை அடுக்கிக்கொண்டே வியாபார நிலவரம் சொல்வார். எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தது. "முன்னாடி இதை வாங்குறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம் சார். எல்லாம் பென்ஷன் வர்றவங்க. இப்ப நடவுக்குப் போற பொம்பளையாளுங்களே சீட்டை எடுத்துக்கிட்டு வர்றாங்க" என்றார்.

இந்த மாத்திரையை ஜார்டியன்ஸ் என்ற பெயரில் விற்றுவந்தது ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம். ஒரு மாத்திரை ஏறக்குறைய 60 ரூபாய். மாதத்துக்கு 1,800 ரூபாய், அதுவும் இந்த ஒன்றுக்கு மட்டும். 2025 மார்ச் 11-ஆம் தேதி இந்தியாவில் இதன் காப்புரிமை முடிந்தது. அந்த வாரமே உள்நாட்டு கம்பெனிகள் வரிசையாக இறங்கின. மேன்கைண்ட் 10 மில்லிகிராம் மாத்திரைக்கு வைத்த விலை ஐந்தரை ரூபாய். மாதச் செலவு 165 ரூபாய் என்றால், அது ஒரு நாள் கூலிக்குள் அடங்கிவிடும்.

நம் கடைத்தெருக் கணக்குப்படி, புதிதாக ஒருவன் கடை போட்டால் பழைய கடைக்காரனுக்குப் பாதி வியாபாரம் போச்சு. இருக்கிற கிராக்கியைத்தானே பங்கு போட முடியும்? ஆனால் 60 ரூபாய் மாத்திரையின் கிராக்கி, நோயின் அளவுக்கு இல்லை; பணப்பையின் அளவுக்குத்தான் இருந்தது. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்றும், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு உண்டு என்றும் 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு சொன்னது. அவர்களில் பெரும்பாலானோர் அந்த 60 ரூபாய்க் கடையின் படியே ஏறியதில்லை. புதுக் கம்பெனிகள் போட்டி போட்டுப் பிடித்தது இவர்களைத்தான்.

விலை இறங்கினால் விற்பனை ஏறும், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே காப்புரிமை முடிந்ததும் விலை சரிகிறது. ஆனால் அந்த மருந்தின் மொத்தப் பயன்பாடு பல நேரங்களில் கூடுவதில்லை, சில நேரம் குறையக்கூடச் செய்கிறது. காரணம், மலிவு மருந்தை எடுத்துக் கொடுப்பது கடைக்காரரின் வேலை. பழைய கம்பெனி விளம்பரத்தை நிறுத்திவிடும். கடைக்காரரே மாற்றிக் கொடுப்பதால், புதிதாக வந்தவனோ டாக்டரைப் பார்க்கவே போகமாட்டான். மருந்தைப் பற்றிப் பேச ஆளே இல்லாமல் போகிறது.

இங்கே கதை நேர்மாறு. ஒரே மருந்துக்கு ஒவ்வொரு கம்பெனியும் தனிப் பெயர் வைக்கிறது, தனி மெடிக்கல் ரெப்புகளை டாக்டர்களிடம் அனுப்புகிறது. ஒரு கம்பெனி மட்டும் விற்றபோது தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டோடும் திருச்சி தில்லைநகரோடும் நின்றுபோன ரெப்பின் பை, இப்போது திருக்காட்டுப்பள்ளிக்கும் செங்கிப்பட்டிக்கும் பைக்கில் வருகிறது. பெரிய டாக்டர்களின் வாசலில் நெரிசல் என்றால், பிந்தி வந்தவன் சின்ன ஊர் டாக்டரைத்தானே தேடுவான்? மேன்கைண்டே சிற்றூர்களைப் பிடித்து வளர்ந்த கம்பெனிதான். 2015-இல் டெனலிகிளிப்டின் என்ற சுகர் மாத்திரையை கிளென்மார்க் 20 ரூபாய் அளவில் இறக்கியபோதும், 2022 ஜூலையில் சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சுகர் மாத்திரையின் காப்புரிமை முடிந்தபோதும் நடந்தது இதுதான். பொதுச்சேவை செய்ய யாரும் பையைத் தூக்கவில்லை. மாத இலக்கு துரத்துகிறது, வருகிறார்கள். வந்தவர்களால் ஊருக்கு நன்மை நடந்தது என்பதையும் மறுக்க மாட்டேன்.

ஆனால் இந்த மருந்து விவரம் தெரியாமல் விழுங்கக்கூடிய ஒன்று அல்ல. ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது இதன் வேலை. இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இதனால் பலன் உண்டு என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூடவே தண்ணீரும் வெளியேறும். சித்திரை வெயிலில் வரப்பில் நிற்பவர் தண்ணீர் குடிக்காவிட்டால் தலை சுற்றும். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். பெண்கள் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். விரதமிருப்பவர்களுக்கும் சாப்பாட்டைத் தள்ளிப்போடுபவர்களுக்கும் வேறொரு ஆபத்து உண்டு: சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோ அமிலம் சேரும். ரெப் டாக்டரிடம் பேசும் இரண்டு நிமிடத்தில் இதெல்லாம் எவ்வளவு இடம்பெறும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

அதைவிடப் பெரிய தொல்லை, பெயர்கள். எங்கள் தெருப் பெரியம்மா தஞ்சாவூரில் ஒரு டாக்டர், உள்ளூரில் ஒரு டாக்டர் என்று இருவரிடம் பார்க்கிறார். இரண்டு அட்டை, இரண்டு நிறம், இரண்டு பெயர். இரண்டிலும் இருந்தது எம்பாகிளிஃப்ளோசின்தான். ஒன்றில் மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சுகர் மருந்தும் சேர்ந்திருந்தது. "ரெண்டும் வேற வேற கம்பெனிப்பா, வேற மாத்திரைதானே?" என்றார். மெடிக்கல்காரர் பார்த்துப் பிடித்ததால் சரியாயிற்று.

போட்டியால் எட்ட முடியாத இடமும் உண்டு. தனக்குச் சுகர் இருப்பதே தெரியாத ஆளை எந்த ரெப்பும் தேடிப் போவதில்லை. விலை இறங்கினால் மட்டும் போதாது என்பதற்கு எய்ட்ஸ் மருந்தே சாட்சி. 2001-இல் நம்மூர் சிப்லா கம்பெனி, எய்ட்ஸ் கூட்டு மருந்தை ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அதுவரை விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். உலகமே வியந்தது. ஆனாலும் அந்த மருந்து இங்குள்ள ஏழை நோயாளிக்கு இலவசமாகக் கிடைத்தது 2004 ஏப்ரலில், தாம்பரம் மருத்துவமனை உள்ளிட்ட எட்டு இடங்களில் அரசு கொடுக்க ஆரம்பித்த பிறகுதான். சுகர் விஷயத்தில் நோயாளியைத் தேடிப்போய் மருந்து கொடுக்கும் அந்த வேலையை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ச் செய்கிறார்கள். அவர்கள் பையில் மெட்ஃபார்மின் இருக்கும். ஐந்தரை ரூபாய்க்கு இறங்கிவிட்ட மாத்திரையும் அந்தப் பைக்குள் போகவேண்டும் என்பது என் கோரிக்கை.

இன்னொன்றும் உண்டு. கம்பெனிப் பெயரைவிட மருந்தின் மூலப்பெயரை அட்டையில் பெரிதாக அச்சிட வேண்டும் என்ற விதி 2018-லேயே வந்துவிட்டது. பெரியம்மாவின் அட்டையிலும் அப்படித்தான் இருந்தது, ஆங்கிலத்தில். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். இத்தனை கம்பெனிகள் போட்டி போடுகின்றனவே, தமிழில் ஒரு வரி அச்சிட்டு விற்க ஒன்றுக்காவது தோன்றியிருக்கக் கூடாதா?