சண்டை போட ஒரு பலகை

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு செல்லும் பஸ் வாளையாரைத் தாண்டும்போது கடைப் பெயர்ப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. 1956 நவம்பர் 1 வரை இரு பக்கமும் சென்னை ராஜ்யம்தான். நிலத்தைப் பிரித்தார்களே தவிர, பேச்சைப் பிரிக்க முடியவில்லை. எல்லையின் கேரளப் பக்கத்தில் இன்றும் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். தாகத்துக்கு ஒருவர் ‘தண்ணி’ கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர் ‘வெள்ளம்’ கேட்பார். தமிழில் வெள்ளம் வந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டும். பேசத் தெரிந்தவர்களுக்கு இது வேடிக்கை. பேச்சு வராத குழந்தைக்கோ, தன் பலகையில் டம்ளர் படத்தைத் தொட்டால் எந்தச் சொல் வரும் என்பது அன்றாடப் பிரச்னை.

மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பக்கவாதம் எனப் பல காரணங்களால் பேச முடியாதவர்கள் படங்களைத் தொட்டோ கண்ணால் சுட்டியோ பேசுகிறார்கள். அது அட்டையில் ஒட்டிய படங்களாக இருக்கலாம். தொட்டதும் குரல் கொடுக்கும் கருவியாகவும் இருக்கலாம். இந்தியாவில் இவ்வகைக் கருவிகளுக்கு முன்னோடி சென்னையில் உருவானது. 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர் அமைப்பின் ஒத்துழைப்போடு, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் ‘ஆவாஸ்’ கருவியை உருவாக்கினார். பின்னர் அது டேப்லட்டில் இயங்கும் செயலியானது. இன்று தமிழிலும் பேசுகிறது.

ஆனால் கருவி கைக்கு வருவது பாதி வேலைதான். அதன் திரையை யார் நிரப்புகிறார்கள், எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதில்தான் மீதி இருக்கிறது.

பெரியவர்கள் நிரப்பும் பலகையில் முதலில் வருவது இட்லி, பால், பந்து, கழிப்பறை. குழந்தை என்ன கேட்கும் என்று அவர்கள் நினைக்கிறார்களோ, அவை மட்டும். ‘வேண்டாம்’, ‘நிறுத்து’, ‘எனக்குப் பிடிக்கவில்லை’, ‘நீ சொல்வது தப்பு’ போன்றவை பெரும்பாலும் விட்டுப்போகின்றன. உடல் உறுப்புகளுக்கான சொற்களைக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அப்படியானால் யாராவது தொடக் கூடாத இடத்தில் தொட்டால் அந்தக் குழந்தை எதைக் காட்டிச் சொல்லும்? பலகையில் இல்லாத சொல், அதன் வாயிலிருந்து பறிக்கப்பட்ட சொல்.

நல்ல பலகைக்கு விதிகள் உண்டு. அன்றாடப் பேச்சின் பெரும்பகுதியைச் சில நூறு சொற்களே சுமக்கின்றன. வா, போ, இன்னும், போதும், யார், ஏன் போன்ற அந்தச் சொற்கள் எப்போதும் கண்ணெதிரே இருக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு ஓர் இடம் கொடுத்தால் அதை மாற்றக் கூடாது. ஆர்மோனியக் கட்டைகளை இரவோடிரவாக இடம் மாற்றி வைத்தால் வித்வானே தடுமாறிப்போவார். கையின் வீச்சையும் பார்வையின் அளவையும் பார்த்துத்தான் எத்தனை கட்டங்கள் என்று முடிவு செய்ய வேண்டும். பெரியவர்களும் பேசும்போது அதே படங்களைத் தொட்டுக் காட்டிப் பேச வேண்டும். கேட்காத மொழியை எந்தக் குழந்தையும் பேசியதில்லை.

படத்துக்கு மொழி கிடையாது என்பது பழைய கனவு. நாஜி முகாம்களிலிருந்து விடுதலையாகி, ஷாங்காயில் சீன எழுத்துகளைப் பார்த்து வியந்த சார்ல்ஸ் பிளிஸ், உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு சித்திர எழுத்தை 1949இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியிட்டார். உலகம் கண்டுகொள்ளவில்லை. 1971இல் கனடாவின் டொரன்டோ நகரில், பேச முடியாத குழந்தைகளுக்கான ஆசிரியர்கள்தான் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் வாளையாரில் அந்தக் கனவு தட்டுத் தடுமாறும். ‘வா’ படத்தைத் தொட்டால் கருவி தாத்தாவையும் ‘வா’ என்றே கூப்பிடும். ‘வாங்க’வுக்குத் தனிக் கட்டம் வேண்டும். தமிழில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தேன் என்று ஆளுக்கொரு விகுதி. மலையாளத்திலோ யார் வந்தாலும் ‘வந்நு’தான். ஆகவே மலையாளப் பலகையில் சொற்களை மட்டும் மாற்றினால் அது தமிழ்ப் பலகையாகிவிடாது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் கேட்கும் குழந்தைக்கு இரண்டு குரலும் தேவை. வெளிநாட்டுப் படத்தொகுப்பில் வரும் பனிமனிதன் அதற்கு வேண்டாம்; ரயில் பாதையில் யானைகள் அடிபட்டுச் சாகும் இந்தக் காட்டோரத்தில் யானைப் படம் கட்டாயம் வேண்டும்.

இதெல்லாம் கருணை சார்ந்த விஷயமல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், ‘தகவல் தொடர்பு’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே காட்சிப் பலகைகளையும் பேச்சுக்குத் துணையான மாற்று வழிகளையும் சேர்த்திருக்கிறது. ஆக, சட்டத்தின் கண்ணில் அந்தப் படங்களும் பேச்சுதான்.

பலகை நல்லதா என்று அறிய நிபுணர் வர வேண்டியதில்லை. அதை வைத்துக்கொண்டு குழந்தையால் அம்மாவோடு சண்டை போட முடிகிறதா என்று பார்த்தால் போதும்.